மின்னழுத்தம், மின்னோட்டம் ஆகியவற்றிலிருந்து மின்தடையும் மின்திறனும் கணக்கிடல்

மின்சுற்றின் ஒரு பகுதியில் உள்ள மின்னழுத்த வேறுபாட்டையும் அதன் வழியே பாயும் மின்னோட்டத்தையும் அளந்து, அப்பகுதியின் மின்தடையையும் அது பயன்படுத்தும் மின்திறனையும் கண்டறிவது மின்னியலின் அடிப்படைக் கணக்குகளுள் ஒன்றாகும். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். இரண்டையும் பெருக்கினால் மின்திறன் கிடைக்கும். பள்ளி ஆய்வகத்தில் ஒரு கம்பிச்சுருளைச் சோதிப்பது முதல் பல நூறு கிலோமீட்டர் நீளமுள்ள மின்தடத்தில் ஏற்படும் இழப்பை மதிப்பிடுவது வரை இந்த இரு கணக்குகளும் பயன்படுகின்றன.

கணக்கு எளியதாயினும் அதன் விடை பொருளுடையதாக இருக்க இரண்டு நிபந்தனைகள் உண்டு. மின்னழுத்தமும் மின்னோட்டமும் சுற்றின் ஒரே பகுதிக்கு உரியவையாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே நிலையில், ஒரே நேரத்தில் எடுக்கப்பட்டவையாக இருக்க வேண்டும். இவ்வகைக் கணக்குகளில் நேரும் தவறுகளுள் பெரும்பாலானவை இவற்றுள் ஒன்றை மறப்பதால் வருபவை.

## அளவுகளும் அலகுகளும்

மின்னோட்டம் என்பது ஒரு நொடியில் கடத்தியின் குறுக்குவெட்டைக் கடந்து செல்லும் மின்னூட்டத்தின் அளவாகும். ஒரு நொடிக்கு ஒரு கூலும் மின்னூட்டம் கடந்தால் அது ஓர் ஆம்பியர்.

மின்னழுத்த வேறுபாடு என்பது ஓர் அலகு மின்னூட்டம் ஒரு புள்ளியிலிருந்து மற்றொரு புள்ளிக்குச் செல்லும்போது விட்டுக்கொடுக்கும் ஆற்றலாகும். ஒரு கூலும் மின்னூட்டம் ஒரு ஜூல் ஆற்றலை விட்டுக்கொடுத்தால் அது ஒரு வோல்ட்டு. மின்னழுத்தம் எப்போதும் இரு புள்ளிகளுக்கு இடையே மட்டுமே அளக்கப்படும்.

மின்தடை என்பது மின்னோட்டத்திற்குக் கடத்தி காட்டும் எதிர்ப்பின் அளவாகும். ஒரு வோல்ட்டு மின்னழுத்தத்தில் ஓர் ஆம்பியர் மின்னோட்டம் பாய்ந்தால் மின்தடை ஓர் ஓம்.

மின்திறன் என்பது ஒரு நொடியில் மாற்றப்படும் மின்னாற்றலின் அளவாகும். ஒரு நொடிக்கு ஒரு ஜூல் என்பது ஒரு வாட்டு.

மின்திறனைப் பெறப் பெருக்குவது ஏன் என்பது இந்த வரையறைகளிலேயே அடங்கியுள்ளது. வோல்ட்டு என்பது ஒரு கூலும்புக்கு இத்தனை ஜூல். ஆம்பியர் என்பது ஒரு நொடிக்கு இத்தனை கூலும். இரண்டையும் பெருக்கும்போது கூலும் நீங்கி, ஒரு நொடிக்கு இத்தனை ஜூல் என்பது எஞ்சுகிறது. அதுவே வாட்டு.

## கணக்கிடும் முறை

அடிப்படைச் சமன்பாடுகள் இரண்டு:

- மின்தடை = மின்னழுத்தம் ÷ மின்னோட்டம்
- மின்திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம்

கணக்கிடும் முன் எல்லா அளவுகளையும் வோல்ட்டு, ஆம்பியர் அலகுகளுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். 250 மில்லிஆம்பியர் என்பது 0.25 ஆம்பியர், 1.1 கிலோவோல்ட்டு என்பது 1100 வோல்ட்டு.

எடுத்துக்காட்டு 1. ஒரு மின்தடையாக்கியின் முனைகளுக்கு இடையே 6 வோல்ட்டும், அதன் வழியே 250 மில்லிஆம்பியரும் அளக்கப்படுகின்றன. மின்தடை 6 ÷ 0.25 = 24 ஓம். மின்திறன் 6 × 0.25 = 1.5 வாட்டு. மின்னணுச் சுற்றுகளில் பரவலாகப் பயன்படும் சிறிய மின்தடையாக்கிகள் கால் வாட்டு அளவுக்கே தாங்கக்கூடியவை. 24 ஓம் மதிப்புடைய அத்தகைய ஒன்றை இங்கு இணைத்தால், தாங்கும் அளவைப்போல ஆறு மடங்கு வெப்பம் அதில் உண்டாகி அது கருகிவிடும். எனவே மின்தடையாக்கியைத் தேர்ந்தெடுக்கும்போது ஓம் மதிப்பு மட்டும் போதாது. வாட்டு மதிப்பும் தெரிய வேண்டும்.

எடுத்துக்காட்டு 2. 9 வோல்ட்டு மின்கலத்துடன் ஓர் ஒளியுமிழ் இருமுனையமும் ஒரு மின்தடையாக்கியும் தொடராக இணைக்கப்பட்டுள்ளன. சுற்றில் 0.02 ஆம்பியர் பாய்கிறது. இருமுனையத்தின் குறுக்கே 3 வோல்ட்டு உள்ளது. மின்தடையாக்கியின் மதிப்பு என்ன? 9 ÷ 0.02 = 450 ஓம் என்பது தவறான விடை. அது முழுச் சுற்றுக்கும் உரியது. மின்தடையாக்கியின் குறுக்கே இருப்பது 9 − 3 = 6 வோல்ட்டு மட்டுமே. ஆகவே அதன் மதிப்பு 6 ÷ 0.02 = 300 ஓம்; அதில் வெளிப்படும் திறன் 6 × 0.02 = 0.12 வாட்டு.

## வரலாறு

மின்னழுத்தத்திற்கும் மின்னோட்டத்திற்கும் இடையிலான தொடர்பை நிறுவியவர் செருமானிய இயற்பியலாளர் ஜார்ஜ் சைமன் ஓம் (1789–1854). அவர் காலத்து மின்கலங்களின் மின்னழுத்தம் பயன்படுத்தும்போதே குறைந்துகொண்டு வந்ததால், ஒரே கம்பியில் எடுத்த அளவீடுகள்கூட ஒத்துப்போகவில்லை. பொகெண்டார்ஃப் என்ற இயற்பியலாளரின் அறிவுரைப்படி ஓம் மின்கலத்தை விடுத்து, செம்பும் பிஸ்மத்தும் சேர்ந்த வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்தினார். அதன் ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மறு சந்தியைப் பனிக்கட்டியிலும் வைத்ததால் மின்னழுத்தம் மாறாமல் நின்றது. அதன்பின் பல நீளமுள்ள கம்பிகளை இணைத்து எடுத்த அளவீடுகள் ஓர் ஒழுங்கிற்குள் வந்தன. தம் முடிவுகளை 1827-இல் நூலாக வெளியிட்டார். தொடக்கத்தில் செருமனியில் போதிய வரவேற்புப் பெறாத இப்பணிக்காக 1841-இல் இலண்டன் அரச கழகம் அவருக்குக் கோப்ளி பதக்கம் வழங்கியது.

ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்தில் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல், கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கும் மின்தடைக்கும் நேர்விகிதத்தில் உள்ளது எனச் சோதனை மூலம் காட்டினார். மின்தடைக்கும் ஆற்றலுக்கும் உள்ள தொடர்பு இவ்வாறு தெளிவானது. திறனின் அலகுக்கு நீராவி எந்திரத்தை மேம்படுத்திய ஜேம்ஸ் வாட்டின் பெயரைச் சூட்ட 1882-இல் வில்லியம் சீமென்ஸ் முன்மொழிந்தார்.

## மின்தடையின் வரையறையும் ஓமின் விதியும்

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்துக் கிடைப்பது மின்தடை என்பது ஒரு வரையறை. எந்தக் கருவியிலும் இவ்வாறு வகுக்கலாம். ஓமின் விதி கூறுவது அதைவிடக் கூடுதலான ஒன்று: வெப்பநிலை மாறாதிருந்தால், உலோகக் கடத்திகளில் இந்த விகிதம் எல்லா மின்னழுத்தத்திலும் மாறாமல் இருக்கும். இவ்விதிக்கு உட்படும் பொருள்கள் ஓமியக் கடத்திகள் எனப்படுகின்றன.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு மின்தடையாக்கியையும் ஒரு சிறிய மின்னிழைக் குமிழையும் ஒப்பிட்டு அறியலாம். கீழுள்ள எண்கள் விளக்கத்திற்காகக் கொள்ளப்பட்டவை.

| மின்னழுத்தம் (வோல்ட்டு) | மின்தடையாக்கியில் மின்னோட்டம் (ஆம்பியர்) | அதன் மின்தடை (ஓம்) | குமிழில் மின்னோட்டம் (ஆம்பியர்) | அதன் மின்தடை (ஓம்) |
|---|---|---|---|---|
| 0.5 | 0.025 | 20 | 0.10 | 5 |
| 2 | 0.10 | 20 | 0.20 | 10 |
| 6 | 0.30 | 20 | 0.40 | 15 |

மின்தடையாக்கியில் ஓர் அளவீடு எடுத்தாலே போதும். மற்ற மின்னழுத்தங்களில் என்ன நிகழும் என்பதைக் கணக்கிட்டுவிடலாம். குமிழில் அது இயலாது. மின்னோட்டம் கூடக்கூட மின்னிழை சூடாகி அதன் மின்தடையும் உயர்கிறது. 0.5 வோல்ட்டில் கிடைத்த 5 ஓம் என்ற மதிப்பைக் கொண்டு 6 வோல்ட்டில் 1.2 ஆம்பியர் பாயும் எனக் கணக்கிட்டால், உண்மையான 0.40 ஆம்பியரைப்போல மூன்று மடங்கு விடையாக வரும்.

வீட்டில் பயன்பட்ட 60 வாட்டு, 230 வோல்ட்டு மின்னிழைக் குமிழில் இவ்வேறுபாடு இன்னும் பெரியது. எரியும்போது அதன் வழியே 60 ÷ 230 = 0.26 ஆம்பியர் பாய்கிறது. மின்தடை சுமார் 880 ஓம். அணைத்துக் குளிர்ந்தபின் மல்டிமீட்டரால் அளந்தால் இதில் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவாகவே காட்டும். குமிழ் பழுதானது என்பது இதன் பொருளன்று. மல்டிமீட்டர் மிகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்தி அறை வெப்பநிலையில் அளக்கிறது; குமிழ் வேலை செய்வதோ 2000 பாகை செல்சியசிற்கும் மேல். சுவிட்சைப் போட்ட கணத்தில் குளிர்ந்த மின்னிழை வழியே மிகுந்த மின்னோட்டம் பாய்வதால்தான் பழைய குமிழ்கள் பெரும்பாலும் போட்டவுடன் இற்றுப்போயின.

மின்திறனுக்கான பெருக்கல் இத்தகைய கட்டுப்பாடு எதற்கும் உட்பட்டதன்று. மின்தடையாக்கி, குமிழ், இருமுனையம், மின்கலம், மோட்டார் என எதுவாயினும், ஒரு கணத்தில் அதன் குறுக்கே உள்ள மின்னழுத்தத்தையும் அதில் பாயும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் அக்கணத்தின் திறன் கிடைக்கும்.

## மின்திறனின் மூன்று வடிவங்கள்

இரு அடிப்படைச் சமன்பாடுகளையும் இணைத்தால் மின்திறனை மூன்று வகையில் எழுதலாம்:

- மின்திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம்
- மின்திறன் = மின்னோட்டத்தின் இருமடி × மின்தடை
- மின்திறன் = மின்னழுத்தத்தின் இருமடி ÷ மின்தடை

இரண்டாவது வடிவத்தைப் பார்த்தால் மின்தடை கூடினால் திறன் கூடும் எனத் தோன்றும். மூன்றாவதைப் பார்த்தால் குறையும் எனத் தோன்றும். இவை ஒன்றுக்கொன்று முரண் அல்ல. தொடரிணைப்பில் எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டம் பாய்வதால் இரண்டாவது வடிவம் ஒப்பிட உதவும். பக்க இணைப்பில் எல்லாவற்றின் குறுக்கேயும் ஒரே மின்னழுத்தம் இருப்பதால் மூன்றாவது வடிவம் உதவும்.

60 வாட்டு, 100 வாட்டு மின்னிழைக் குமிழ்களை வழக்கம்போலப் பக்க இணைப்பில் எரித்தால் 100 வாட்டுக் குமிழே பிரகாசமாக எரியும். அவற்றையே தொடராக இணைத்தால் 60 வாட்டுக் குமிழ் கூடுதலாக ஒளிரும். அதன் மின்தடை அதிகம். இரண்டிலும் மின்னோட்டம் ஒன்றே. குமிழில் எழுதப்பட்டுள்ள வாட்டு மதிப்பு, உடன் எழுதப்பட்டுள்ள மின்னழுத்தம் அதன் குறுக்கே இருக்கும்போது மட்டுமே உண்மையாகும்.

## அளவிடும் முறையும் பிழைகளும்

மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டர் சுற்றில் தொடராக இணைக்கப்படும். அதன் மின்தடை மிகக் குறைவு. மின்னழுத்தத்தை அளக்கும் வோல்ட்மீட்டர் பகுதியின் குறுக்கே பக்க இணைப்பில் இணைக்கப்படும். அதன் மின்தடை மிக அதிகம். அம்மீட்டரைத் தவறுதலாக மின்மூலத்தின் குறுக்கே இணைத்தால் குறுக்குச்சுற்று ஏற்பட்டுக் கருவியின் உருகி எரியும், அல்லது கருவியே பழுதாகும்.

இரு கருவிகளும் ஒரே நேரத்தில் இணைக்கப்படும்போது அவற்றுள் ஒன்று சிறிது தவறாகக் காட்டியே தீரும். இதற்கு இரண்டு அமைப்புகள் உள்ளன.

1. வோல்ட்மீட்டர் மின்தடையாக்கியின் குறுக்கே மட்டும் இருந்தால், அம்மீட்டர் காட்டும் மின்னோட்டத்தில் வோல்ட்மீட்டர் வழியே செல்வதும் சேர்ந்திருக்கும். 10,000 ஓம் மின்தடையுள்ள வோல்ட்மீட்டரைக் கொண்டு 10,000 ஓம் மின்தடையாக்கியை இவ்வாறு அளந்தால் விடை 5000 ஓம் என வரும்.
2. வோல்ட்மீட்டர் அம்மீட்டரையும் சேர்த்து அணைத்திருந்தால், அது காட்டும் மின்னழுத்தத்தில் அம்மீட்டரின் பங்கும் சேரும். 0.5 ஓம் மின்தடையுள்ள அம்மீட்டருடன் 2 ஓம் மின்தடையாக்கியை இவ்வாறு அளந்தால் 2.5 ஓம் எனக் கிடைக்கும்.

ஆகவே குறைந்த மின்தடைகளுக்கு முதல் அமைப்பும், உயர்ந்த மின்தடைகளுக்கு இரண்டாவது அமைப்பும் ஏற்றவை. ஓர் ஓமுக்கும் மிகக் குறைந்த மின்தடைகளில் இணைப்புக் கம்பிகளின் மின்தடையே விடையைக் கெடுத்துவிடும். அங்கு மின்னோட்டத்தைச் செலுத்த இரண்டு, மின்னழுத்தத்தை அளக்க இரண்டு என நான்கு தனித்தனிக் கம்பிகள் பயன்படுத்தப்படுகின்றன. இது நான்குமுனை முறை எனப்படும்.

கருவிகளின் துல்லியத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். மின்னழுத்தத்தில் 1 விழுக்காடும் மின்னோட்டத்தில் 2 விழுக்காடும் பிழை இருக்கக்கூடுமானால், மின்தடையிலும் மின்திறனிலும் பிழை ஏறத்தாழ 3 விழுக்காடு வரை இருக்கலாம். வகுத்தாலும் பெருக்கினாலும் பிழை விழுக்காடுகள் கூடவே செய்யும். கணிப்பான் காட்டும் ஏழெட்டுப் பதின்ம இலக்கங்களை அப்படியே எழுதுவதில் பொருளில்லை.

மாணவர் சோதனைகளை உலர் மின்கலங்களைக் கொண்டே செய்ய வேண்டும். வீட்டு மின்னிணைப்பில் அளவீடு எடுப்பது பயிற்சி பெற்ற மின்பணியாளரின் வேலையாகும்.

## மாறுதிசை மின்னோட்டத்தில்

இந்தியாவிலும் இலங்கையிலும் வீடுகளுக்கு 230 வோல்ட்டு, 50 ஹெர்ட்சு மாறுதிசை மின்சாரம் வழங்கப்படுகிறது. 230 என்பது இருமடிச் சராசரி மூல மதிப்பு. சலவைப் பெட்டி, நீர் சூடேற்றி போன்ற வெப்பக் கருவிகளுக்கு மேற்கண்ட சமன்பாடுகளை அப்படியே பயன்படுத்தலாம். 1000 வாட்டு சலவைப் பெட்டியில் 4.35 ஆம்பியர் பாயும்; அதன் மின்தடை 52.9 ஓம். மின்னழுத்தம் 180 வோல்ட்டாகக் குறைந்தால், மின்தடை ஏறத்தாழ மாறாமல் இருப்பதால், திறன் 180 × 180 ÷ 52.9 = 612 வாட்டாகிறது. மின்னழுத்தம் 22 விழுக்காடு குறைய, திறன் 39 விழுக்காடு குறைந்துவிடுகிறது. பெட்டி சூடேற நெடுநேரம் ஆவது இதனால்தான்.

மின்விசிறி, நீரேற்று மோட்டார் போன்றவற்றில் கம்பிச்சுருள்களின் காந்தப்புலம் காரணமாக மின்னோட்டம் மின்னழுத்தத்திற்குச் சற்றுப் பின்தங்குகிறது. அங்கு மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கிக் கிடைப்பது தோற்றத் திறன். அதன் அலகு வோல்ட்டு-ஆம்பியர். அதைத் திறன் காரணியால் பெருக்கினால்தான் வாட்டு கிடைக்கும். 230 வோல்ட்டில் 0.4 ஆம்பியர் எடுக்கும் கருவியின் தோற்றத் திறன் 92 வோல்ட்டு-ஆம்பியர். திறன் காரணி 0.8 எனில் உண்மைத் திறன் 73.6 வாட்டு. வகுத்துக் கிடைக்கும் 575 ஓம் என்பதும் கம்பியின் மின்தடை அன்று; சுருளின் தூண்டல் விளைவும் சேர்ந்த மின்னெதிர்ப்பு ஆகும்.

மோட்டாரை ஒரு மின்தடையாகக் கருதுவது நட்டத்திலும் முடியலாம். மின்னழுத்தம் குறைந்தால் மின்னோட்டமும் குறையும் என்ற எதிர்பார்ப்பு, சுமையுடன் ஓடும் தூண்டல் மோட்டாருக்குப் பொருந்தாது. அதே நீரை ஏற்ற ஏறத்தாழ அதே திறன் வேண்டியிருப்பதால், மின்னழுத்தம் குறையும்போது அது கூடுதல் மின்னோட்டத்தை எடுக்கிறது. சுருளில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியாக உயர்ந்து, நெடுநேரம் ஓடினால் காயில் எரிந்துவிடுகிறது. குறைந்த மின்னழுத்தத்தில் நீரேற்று மோட்டாரை நிறுத்திவிடும் காப்புக் கருவிகள் இதற்காகவே பொருத்தப்படுகின்றன.

## பயன்பாடுகள்

### தளர்ந்த இணைப்புகளில் வெப்பம்

2000 வாட்டு நீர் சூடேற்றி 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் எடுக்கும். அதன் மின்தடை 26.45 ஓம். 6 ஆம்பியர் சாக்கெட்டில் அதைச் செருகக் கூடாது என்பது இக்கணக்கிலிருந்தே தெரியும். 16 ஆம்பியர் சாக்கெட்டில் செருகினாலும் பிளக் முனை தளர்ந்திருந்தால் சிக்கல் உண்டு. அந்தத் தளர்வின் மின்தடை 0.5 ஓம் எனக் கொள்வோம். மொத்த மின்தடை 26.95 ஓம், மின்னோட்டம் 8.53 ஆம்பியர். தளர்ந்த இடத்தில் மட்டும் 8.53 × 8.53 × 0.5 = 36 வாட்டு வெப்பம் வெளிப்படும். ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்னில் பரவலாக விற்கப்படுவது 25 வாட்டு வகை.

ஒப்பிட, 0.75 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள செம்புக் கம்பியாலான 10 மீட்டர் நீட்டிப்பு வடத்தின் போக்குவரத்துக் கம்பிகளின் மின்தடை சுமார் 0.46 ஓம். அதே சூடேற்றியை இதன் மூலம் இயக்கினால் சுமார் 34 வாட்டு வெளிப்படும். ஆனால் அவ்வெப்பம் 10 மீட்டர் நீளத்தில் பரவிவிடுவதால் வடம் வெதுவெதுப்பாகும். அதே அளவு வெப்பம் பிளக்கின் ஒரு முனையில் குவிந்தால் பிளாஸ்டிக் உருகித் தீப்பற்றலாம். வடத்தைச் சுருட்டி வைத்துப் பயன்படுத்துவதும் இதே காரணத்தால் ஆபத்தானது. வெப்பம் வெளியேற வழியில்லை.

இதில் உருகியோ சுற்றுமுறிப்பானோ உதவுவதில்லை. அவை மின்னோட்டம் அளவுக்கு மீறினால்தான் செயல்படும். இங்கோ மின்னோட்டம் 8.7-இலிருந்து 8.53 ஆகக் குறைந்துள்ளது. நிறம் மாறிய சாக்கெட்டு, கருகிய வாடை, தொட்டால் சுடும் பிளக் ஆகியவையே இதன் அடையாளங்கள். இவற்றுள் ஒன்று தெரிந்தாலும் பயன்பாட்டை நிறுத்தி, அந்தச் சாக்கெட்டையும் பிளக்கையும் மாற்ற வேண்டும்.

### மின்கடத்தலில் இழப்பு

100 கிலோவாட்டு திறனை, மொத்தம் 2 ஓம் மின்தடையுள்ள தடத்தின் வழியே அனுப்ப வேண்டும் எனக் கொள்வோம். 1000 வோல்ட்டில் அனுப்பினால் மின்னோட்டம் 100 ஆம்பியர்; தடத்தில் இழப்பு 100 × 100 × 2 = 20,000 வாட்டு. 10,000 வோல்ட்டில் அனுப்பினால் மின்னோட்டம் 10 ஆம்பியர். இழப்பு 200 வாட்டு மட்டுமே. மின்னழுத்தத்தைப் பத்து மடங்காக்கினால் இழப்பு நூறில் ஒரு பங்காகிறது.

இங்கு மாணவர்கள் சிலர் மூன்றாவது வடிவத்தைக் கையாண்டு, 10,000-இன் இருமடியை 2 ஓமால் வகுத்து, 5 கோடி வாட்டு இழப்பு எனக் கணக்கிடுவதுண்டு. 10,000 வோல்ட்டு என்பது இரு கம்பிகளுக்கு இடையேயுள்ள மின்னழுத்தம். தடத்தின் மின்தடைக்குக் குறுக்கே இருப்பது 10 × 2 = 20 வோல்ட்டு மட்டுமே. அதன் இருமடியை 2-ஆல் வகுத்தால் சரியான 200 வாட்டு கிடைக்கும்.

தமிழ்நாட்டில் 110, 230, 400 கிலோவோல்ட்டுத் தடங்கள் இயங்குவது இக்காரணத்தால்தான். சத்தீசுகரின் ராய்கரையும் தமிழ்நாட்டின் புகளூரையும் இணைக்கும் நேர்திசை மின்தடத்தில் ஒரு முனையம் +800, மற்றது −800 கிலோவோல்ட்டு. இரண்டுக்கும் இடையே 1600 கிலோவோல்ட்டு உள்ளதால், அதன் முழுத் திறனான 6000 மெகாவாட்டைக் கடத்த 3750 ஆம்பியர் போதும்.

### மின்கட்டணம்

1000 வாட்டு கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் ஒரு கிலோவாட்டு மணி, அதாவது ஒரு யூனிட் மின்சாரம் செலவாகும். இது 36 இலட்சம் ஜூல் ஆற்றலுக்குச் சமம். மின்திறன் என்பது செலவாகும் வேகம். யூனிட் என்பது செலவான மொத்த அளவு.

## கணக்கிடும்போது கவனிக்க வேண்டியவை

- மின்னழுத்தம் எந்த இரு புள்ளிகளுக்கு இடையே உள்ளது என்பதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். மின்னோட்டமும் அதே பகுதிக்கு உரியதா எனப் பார்க்க வேண்டும்.
- மில்லி, கிலோ ஆகியவற்றை அடிப்படை அலகுகளுக்கு மாற்றிய பின்னரே வகுக்கவோ பெருக்கவோ வேண்டும்.
- ஓர் அளவீட்டிலிருந்து கிடைத்த மின்தடையை வேறு மின்னழுத்தத்திற்குப் பயன்படுத்தும் முன், கருவி ஓமியக் கடத்திதானா என இரண்டு மூன்று அளவீடுகள் எடுத்துச் சரிபார்க்க வேண்டும்.
- மோட்டார், மின்விசிறி போன்றவற்றில் திறன் காரணி தெரியாமல் வாட்டு மதிப்பைக் கூறக் கூடாது.
- கிடைத்த மின்திறனை அக்கருவியோ கம்பியோ சாக்கெட்டோ தாங்குமா என்று ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே கணக்கை முடித்துக்கொள்ள வேண்டும்.